கூரையில் கற்கும் கணக்கு

அம்பாங் என்னும் ஊர்ப்பெயர், நீரைத் தடுத்து நிறுத்தும் அணையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லின் அடியாகப் பிறந்தது என்பர். 1857ஆம் ஆண்டில் ஈயம் தேடி இப்பகுதிக்கு வந்த 87 சீனத் தொழிலாளருள் 69 பேர் காட்டுக் காய்ச்சலுக்கு இரையாயினர். எஞ்சியோரும் பின்வந்தோரும் தோண்டிய குழிகளில் ஈயத்தோடு நீரும் ஊறியது. அந்நீரை இறைப்பதே ஈயத் தொழிலின் பெருந்தொல்லை. அத்தொல்லையைத் தீர்க்க, 1894இல் ரவாங்கில் தம்புசாமிப் பிள்ளையும் லோக் யூவும் தங்கள் சுரங்கத்தில் மின்னாக்கி ஒன்றை நிறுவி, இறைப்புப் பொறிகளை மின்சாரத்தால் இயக்கினர். மலாயாவில் மின்சாரம் கால்வைத்த வரலாறு இது.

அதனைச் செய்தது அரசாங்கம் அன்று. புதியதொன்றில் பொருளை இட்டுப் பார்க்கத் துணிந்த இருவர். ‘ஸ்டார்ட் அப்’ என்று இன்று நாம் வழங்கும் புத்தொழில் முயற்சியின் இயல்பும் இதுவேயாகும். 2011ஆம் ஆண்டில் மலேசியாவில் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் இயற்றப்பெற்றது. சூரிய ஒளி முதலியவற்றால் ஆக்கிய மின்சாரத்தைக் குறித்த விலைக்கு விற்கும் முறை அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் கூரைகளில் சூரியத் தகடு பொருத்தும் சிறு நிறுவனங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் பெருகின. பல்கலைக்கழக மாணவர் சிலர் தொழிற்பயிற்சிக்கு இவற்றை நாடுகின்றனர். மேல்நாட்டார் இதனைக் கோடைப் பயிற்சி என்பர். ஆண்டு முழுதும் கோடையே நிலவும் நம் நாட்டில் அப்பெயர் பொருந்தாது எனினும், பயிற்சி ஒன்றுதான்.

இதனால் மாணவர் பெறும் பயன் யாது? சான்றிதழ் என்பர் சிலர். வேலைக்கு வழி என்பர் வேறு சிலர். இவ்விரண்டினும் மேலான பயன் ஒன்று உண்டு. தான் போட்ட கணக்குக்குத் தானே பொறுப்பேற்கும் பழக்கமே அது. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம்.

அம்பாங்கைச் சேர்ந்த மாணவி ஒருத்தி இத்தகைய நிறுவனம் ஒன்றில் பயிற்சிக்குச் சேர்கிறாள் என்று கொள்வோம். ஒரு தொடர்வீட்டின் கூரையில் 400 வாட் ஆற்றலுள்ள தகடுகள் பத்து வைத்தால் நாளொன்றுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் கிடைக்கும் என்று அவளைக் கேட்கின்றனர். பத்துத் தகடும் சேர்ந்து 4 கிலோவாட். அம்பாங்கில் பகற்பொழுது ஏறத்தாழ 12 மணி நேரம். நான்கைப் பன்னிரண்டால் பெருக்கி, 48 யூனிட் என்று எழுதுகிறாள். பெருக்கலில் பிழையில்லை, விடையோ முற்றும் பிழை.

ஏன்? தகட்டின்மேல் பொறித்த 400 வாட் என்பது, சதுர மீட்டருக்கு 1000 வாட் வீதம் ஒளி விழ, தகட்டின் வெப்பம் 25 பாகையாக இருக்கும்போது ஆய்வுக்கூடத்தில் கண்ட அளவு. காலை வெயிலுக்கும் மாலை வெயிலுக்கும் அவ்வலிமை இல்லை. பிற்பகலில் இடிமேகம் திரள்வதும் இங்கு இயல்பு. நாள் முழுதும் விழும் ஒளியைத் திரட்டினால், நான்கரை மணி நேர முழு வெயிலுக்கே ஈடாகும். ஆகவே 48 என்பது 18 ஆகச் சுருங்குகிறது. அதன்மேல், நண்பகலில் கூரைத் தகடு 55 பாகைக்கு மேலும் காயும். ஒவ்வொரு பாகைக்கும் நூற்றில் மூன்றிலொரு பங்கு வீதம் ஆற்றல் குறையும் என்று கொண்டால், 30 பாகை ஏற்றத்திற்கு நூற்றுக்குப் பத்து இழப்பு. கம்பியும், தூசியும், நேர்மின்னோட்டத்தை வீட்டுக்கேற்ற மாறுமின்னோட்டமாக்கும் இன்வர்ட்டரும் தத்தம் பங்கைக் கொள்ளும். முடிவில் வீட்டுக்குக் கிடைப்பது 13 யூனிட் அளவேயாகும். வெயில் மிகுதி, ஆகவே மின்சாரமும் மிகுதி என்று எண்ணியிருந்தவளுக்கு, ஒளி வேறு, வெப்பம் வேறு என்பது இங்கே விளங்குகிறது.

வகுப்பறையில் இப்பிழை நேர்ந்தால் சில மதிப்பெண் குறையும். கூரையில் நேர்ந்தால், 48ஐ நம்பிக் கடன் வாங்கித் தகடு பதித்த ஒரு குடும்பம் மாதந்தோறும் ஏமாறும். இவ்வேறுபாட்டை உணரும் நாளே பயிற்சி தொடங்கும் நாள் எனலாம்.

இரண்டாம் பாடம் திசை பற்றியது. தகட்டைத் தெற்கு நோக்கிச் சாய்க்க வேண்டும் என்று நூல்கள் பல கூறும். அவை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே தொலைவிலுள்ள நாடுகளுக்காக எழுதப்பெற்றவை. அம்பாங்கோ வடக்கே 3 பாகையளவில் உள்ளது. ஜூன் மாதத்து நண்பகலில் கதிரவன் நம் தலையுச்சிக்கு வடக்கே 20 பாகையளவு சாய்ந்து நிற்பான். டிசம்பரில் தெற்கே 26 பாகையளவு சாய்வான். ஜூனில் பயிற்சிக்கு வந்தவள், தெற்கேயுள்ள மரத்தின் நிழல் கூரையில் விழாததைக் கண்டு, தடையில்லை என்று எழுதிவிடக்கூடும். டிசம்பரில் அந்நிழல் தகட்டின்மேல் வந்து படியும். தகடுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்திருப்பதால், ஒன்றின்மேல் விழும் நிழல் அத்தொடர் முழுவதன் மின்னோட்டத்தையும் குறைக்க வல்லது. இதற்கு மாற்றுவழி அமைக்கும் கருவிகள் உண்டெனினும், இழப்பு முற்றும் நீங்காது. ஆகவே கண்முன் காணும் பருவத்தோடு, காணாத பருவத்தையும் கணக்கில் கொள்ள அவள் பழகவேண்டும்.

மாணவப் பருவத்தில் களத்திற்குச் சென்றதால் வாழ்க்கையே திசைமாறியவர்களும் உளர். அவருள் ஒருவர் பெங்களூரைச் சேர்ந்த ஹரீஷ் ஹாண்டே. காரக்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்று, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துவந்த அவர், டொமினிக்கன் குடியரசில் ஏழை மக்கள் சூரிய விளக்கைப் பணம் கொடுத்துப் பயன்படுத்துவதைக் கண்டார். தம் ஆராய்ச்சிப் பொருளையே மாற்றிக்கொண்டு, இலங்கைச் சிற்றூர்களில் தங்கி மக்களின் தேவையை நேரில் அறிந்தார். 1995இல் நெவில் வில்லியம்சுடன் சேர்ந்து செல்கோ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். 2011இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. ஏழையால் வாங்க இயலாது என்ற எண்ணத்தை உடைத்ததே அவர் செய்த முதற் பணி. அவ்வுண்மையை அவருக்குக் கற்பித்தவை சிற்றூர்க் குடிசைகள்.

எனினும், எல்லாப் பயிற்சியும் நற்பயிற்சி ஆகிவிடாது. தாள் நகலெடுக்கவும் தேநீர் வாங்கவும் மட்டுமே மாணவரைப் பயன்படுத்தும் இடங்களும் உண்டு. ஆதலின் ஆசிரியரும் பெற்றோரும் மூன்றினை முன்னரே கேட்டறிதல் நலம். கற்றுத்தரும் பொறுப்பு யாருடையது? வேலையும் படித்தொகையும் எழுத்தில் உள்ளனவா? காப்புக்கு வழி யாது? மூன்றாவது கேள்வி உயிரைப் பற்றியது. வெயில் விழும்வரை தகட்டை அணைக்க இயலாது. தொடுத்த தகடுகளில் பல நூறு வோல்ட் மின்னழுத்தம் இருக்கும். கூரையிலிருந்து வழுக்கும் அச்சமும் உண்டு. காப்புக் கயிறும், தேர்ந்தவர் துணையும் இன்றி மாணவரைக் கூரையேற்றும் இடம் எத்துணைப் புகழுடையதாயினும் வேண்டாம் என்று சொல்லத் தயங்கலாகாது.

2050ஆம் ஆண்டிற்குள் மின்னாக்கத் திறனில் நூற்றுக்கு 70 பங்கு புதுப்பிக்கத்தக்கதாக வேண்டும் என்று மலேசியா 2023இல் குறிக்கோள் வகுத்தது. அவ்வேலையில் நம் பிள்ளைகளுக்கும் பங்கு வேண்டுமாயின், தமிழாசிரியர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பயிற்சி முடித்த பழைய மாணவரை ஒருநாள் வகுப்புக்கு அழைத்து, கண்டதைத் தமிழில் சொல்லச் செய்யலாம். 48 எவ்வாறு 13 ஆயிற்று என்பதை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கும்படி தாய்மொழியில் ஒருவர் கூறிவிட்டால், அவர் அதனை உண்மையாகவே கற்றுவிட்டார் என்று நாம் அறியலாம். கேட்ட பிள்ளைகளுள் ஒன்றிரண்டு பேர் அன்று மாலை வீடு திரும்புகையில் தம் கூரையை ஒருமுறை நிமிர்ந்து நோக்குவர். அதுவே போதும்.