மழைமானிகளுக்கும் முறை வேண்டும்

தாமிரபர்ணியில் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. ஜலம் குறையுங் காலத்தில் மடைக்கு மடை முறை வைத்துப் பாய்ச்சாவிடில், வாய்க்காலில் ஜலம் இருந்தும் கடைமடை காயும் என்பதை மிராசுதார்கள் நன்கறிவர். மழையையும் ஆற்றின் மட்டத்தையும் அளந்து கம்பியில்லாமல் தெரிவிக்கும் கருவிகளுக்கும் இந்நியதியே பொருந்தும்.

இக்கருவியில் அளப்பதற்குச் சொற்ப மின்சாரமே போதும். பாட்டரியின் பெரும்பகுதியை உண்பது ரேடியோவேயாகும். செய்தி அனுப்பும்போது மட்டுமன்றி, பிற கருவியின் செய்தி வருமோவென்று விழித்திருக்கும்போதும் அது மின்சாரத்தைச் செலவிடும். அருகருகேயுள்ள இரு கருவிகள் ஒரே அலைவரிசையில் ஒரே சமயத்தில் பேசினால் இரு செய்தியும் கெடும்; மறுபடியும் அனுப்ப நேரும்.

ஆதலால் காலத்தைச் சிறு கூறுகளாக்கி, ஒவ்வொரு கருவிக்கும் ஒன்றை ஒதுக்குதல் வேண்டும். நிலையத்திற்குத் தொலைவிலுள்ள கருவி முதலில் அனுப்ப, அடுத்தது அதனைப் பெற்றுத் தன் அளவையும் சேர்த்து ஒரே தடவையில் முன்னே அனுப்பும். தன் முறை முடிந்ததும் உறங்கிவிடும். ஒன்றின் அலை மற்றதற்கு எட்டாதபடி, ஒன்று மணிமுத்தாற்றிலும் மற்றொன்று ஸ்ரீவைகுண்டத்திலும் இருந்தால், இரண்டிற்கும் ஒரே கூறு போதும். எல்லாக் கடிகாரங்களும் ஒத்திருத்தல் மாத்திரம் அவசியம்.

இந்திய வானிலைத் துறை 2006-07-ல் நிறுவிய தானியங்கி நிலையங்கள் ஒதுக்கிய முறையின்றிச் செயற்கைக்கோளுக்கு அனுப்பின. மோதலுக்கஞ்சி ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பவேண்டியிருந்தது. பின்னர் வந்த நிலையங்களுக்குத் தனித்தனி நேரக்கூறு ஒதுக்கப்பட்டது, ஜி.பி.எஸ். அவற்றின் கடிகாரங்களை ஒழுங்குபடுத்துகிறது.

2023-ஆம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் மாத்திரம் 24 மணி நேரத்தில் சுமார் 95 செண்டிமீட்டர் பதிவாயிற்று. திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்கள் வெள்ளத்தில் மூழ்கின. அத்தகைய நாளில் மணிக்கொரு செய்தி போதாது. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் சில கூறுகளைக் காலியாக வைத்து, மட்டம் விரைந்து ஏறும் இடத்துக் கருவிக்கு அவற்றை அளிப்பது நலம். கோடையில் நாளைக்குச் சில தடவை அனுப்பினாலே போதும். அங்ஙனம் மிச்சப்பட்ட பாட்டரியே வெள்ளத்தன்று பேசும்.

முறையை வகுப்பது பொறியாளர் வேலை. கருவியைக் காப்பது கிராமத்தார் கடமை. சூரிய ஒளித் தகட்டின்மேல் நிழல் விழும் கிளைகளைக் கழித்துவிடவேண்டும். கம்பத்தில் மாடு கட்டலாகாது. கம்பம் சாய்ந்தாலோ மழைமானியின் வாயில் சருகு அடைத்தாலோ, கிராம நிர்வாக அதிகாரிக்கு அன்றே தெரிவிப்பது அவசியம்.