முள் காட்டும் வேகம் மெய்தானா?

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குக் கூட்டரசு நெடுஞ்சாலை வழியாக வேலைக்கு வந்து போகிறவர்கள் யாராவது இப்படிப் புலம்பக் கேட்டிருப்பீர்கள்: "நான் முள்ளைப் பார்த்துத்தானே ஓட்டினேன்? சம்மன் எப்படி வந்தது?" கேமரா பொய் சொல்கிறது என்று உடனே தீர்ப்பு வழங்கி விடுகிறோம். பழைய காடியாக இருந்தால், அதன் பின்பக்கத்தையும் கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும்.

டட்சன் 120ஒய் போன்ற காரில் எஞ்சின் முன்னால் இருக்கிறது; இழுப்பதோ பின்சக்கரங்கள். இரண்டுக்கும் நடுவே நீண்ட ஷாஃப்ட் ஓடுகிறது. அது போய்ச் சேரும் இடம், பின்னால் பூசணிக்காய் போல் உருண்டு தொங்கும் டிஃபரன்ஷியல். அதற்குள் ஒரு சின்னப் பல்சக்கரம் ஒரு பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. சின்னதில் 10 பல், பெரியதில் 39 பல் என்று வைத்துக்கொள்வோம். ஷாஃப்ட் 3.9 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு முறை சுற்றும்.

ஸ்பீடோமீட்டரின் கேபிளோ கியர்பாக்ஸின் வாலிலிருந்து புறப்படுகிறது. அதாவது, அது எண்ணுவது சக்கரத்தின் சுற்றை அல்ல, ஷாஃப்டின் சுற்றை! கேபிளின் மறுமுனையில் ஒரு காந்தம் சுழலும். அது ஓர் உலோகக் கிண்ணத்தைத் தொடாமலே இழுக்கும். கிண்ணத்தோடு முள்ளும் திரும்பும். ஜெர்மானியரான ஓட்டோ ஷுல்ட்ஸே 1902இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. பாவம், அந்த முள்ளுக்குச் சாலையைப் பற்றி ஒன்றும் தெரியாது.

டிஃபரன்ஷியல் ஊளையிட ஆரம்பித்தால் நம்மவர்கள் என்ன செய்கிறோம்? பழைய சாமான் கடையில் பொருந்துகிற ஒன்றை வாங்கி மாட்டுகிறோம். பொருந்தியதா, ஓடியதா, அவ்வளவுதான். பல்லை யார் எண்ணுகிறார்கள்?

3.9 இருந்த இடத்தில் 4.3 வந்தால், உண்மையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முள் 110 காட்டும். இதில் சம்மன் பயம் இல்லை. ஆனால் ஓடிய தூரமும் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகப் பதிவாகும். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று காடிக்காரர் பெருமை பேசிக்கொண்டிருப்பார்!

வம்பு இதற்கு நேர்மாறானது. 4.3ஐக் கழற்றி 3.9ஐப் போட்டால், முள் 110இல் நிற்கும்போது காடி 121இல் பறக்கும். விரைவுச்சாலையின் உச்சவரம்பே 110தான். சம்மனாவது பணத்தோடு போகும். பிரேக்கை மிதித்த பிறகு காடி நிற்க வேண்டிய தூரம் அல்லவா ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீள்கிறது! முன்னால் போகும் மோட்டார் சைக்கிளில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒருவர் போகலாம். குறைத்துக் காட்டும் மீட்டரை ஐக்கிய நாட்டுச் சபையின் 39ஆம் விதி ஏற்பதில்லை; ஓரளவு கூட்டிக் காட்டுவதை மட்டும் பொறுத்துக்கொள்கிறது.

1985இல் வந்த புரோட்டோன் சாகா போன்ற முன்சக்கர இழுவைக் கார்களில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. அவற்றில் கேபிள் டிஃபரன்ஷியலுக்குப் பிறகே சுற்றை எடுக்கிறது. ஆனால் டயரின் உயரத்தை மாற்றினால் அங்கும் கணக்குப் பிசகும்.

சோதித்துப் பார்க்க ஒரு கைக்கடிகாரம் போதும். போக்குவரத்து இல்லாத நேரத்தில் முள்ளை 60இல் அசையாமல் வைத்துக்கொண்டு, ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல் வரை நேரம் பாருங்கள். பார்ப்பவர் பக்கத்தில் இருப்பவராக இருக்கட்டும், ஓட்டுபவர் வேண்டாம். 60 விநாடி ஆனால் மீட்டர் சரி. 66 ஆனால் கூட்டிக் காட்டுகிறது. 54 ஆனால் குறைத்துக் காட்டுகிறது. உடனே கவனிக்க வேண்டியது இதைத்தான். கைப்பேசியின் ஜி.பி.எஸ். வேகத்தோடும் ஒப்பிடலாம்.

வைத்தியம் சின்னதுதான். கேபிள் தொடங்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் இருக்கும். 3.9ஐ 4.3ஆக மாற்றியவர் 19 பல் உள்ளதை எடுத்துவிட்டு 21 பல் உள்ளதைப் போட்டால் முள் ஏறக்குறைய சரியாகிவிடும். 3.9க்கு இறங்கியவருக்குப் பல் குறைய வேண்டும். டிஃபரன்ஷியல் மாற்றும் அன்றே ஃபோர்மேனிடம் இரண்டின் பல் எண்ணிக்கையையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.