ஆபரேஷனுக்குப் பிறகு வயிறு உப்புசமா? பேதியே இல்லாமலும் வரும் ஆபத்தான குடல் தொற்று!

மந்தாரக்குப்பத்தில் ஒருவருக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன் என்று வைத்துக்கொள்வோம். சிதம்பரம், புதுச்சேரி, சென்னை என எங்காவது போய் ஆபரேஷன் முடித்துவிட்டு வீடு திரும்புகிறார். முதல் சில நாள் இட்லி, கஞ்சி எல்லாம் இறங்குகிறது. திடீரென்று வயிறு கல்லு மாதிரி உப்புகிறது. காத்து பிரியவில்லை, லேசாகக் காய்ச்சல். "ஆபரேஷன் பண்ணின வயிறு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் சமாதானம் சொல்கிறார்கள்.

அப்படியே இருக்கலாம். ஆனால், 'சி.டிஃப்' தொற்றாகவும் இருக்கலாம்.

சி.டிஃப் என்றால் என்ன?

முழுப் பெயர் குளோஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில். 1935-ல் பச்சிளம் குழந்தைகளின் மலத்தில் கண்டறியப்பட்ட பாக்டீரியா. ஆய்வகத்தில் வளர்ப்பது கஷ்டமாக இருந்ததால் 'கடினமானது' என்ற பொருளில் லத்தீன் பெயர் வைத்தார்கள். ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பின் வரும் கடுமையான குடல் அழற்சிக்கு இதுதான் காரணம் என்பது 1978-ல்தான் தெரிந்தது.

நம் குடலில் கோடிக்கணக்கான நல்ல பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஆன்டிபயாடிக் கொடுக்கும்போது கெட்டதோடு சேர்த்து இவையும் அழிகின்றன. காலியான அந்த இடத்தில் சி.டிஃப் பெருகி, நச்சை வெளியிட்டு பெருங்குடலின் உள்சுவரைப் புண்ணாக்குகிறது.

அறிகுறி ஏன் மாறுகிறது?

வழக்கமான அறிகுறி, ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் தண்ணீராகப் போவது. ஆபரேஷன் ஆனவர்களிடம் இது ஏமாற்றிவிடலாம். மயக்க மருந்து, வலி மருந்து, அறுவை சிகிச்சை எல்லாம் சேர்ந்து குடலின் அசைவைக் குறைக்கின்றன. தொற்றே முற்றிப்போய் குடலை முடக்குவதும் உண்டு. அப்போது கழிவு வெளியே வராமல் உள்ளேயே தேங்குகிறது. பேதி இல்லை, உப்புசம் மட்டும்தான்.

ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் எகிறியிருக்கும். 'தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்திருக்குமோ' என்ற சந்தேகத்தில் இன்னொரு ஆன்டிபயாடிக் ஆரம்பித்தால், சி.டிஃப்-க்கு அது இன்னும் வசதியாகிவிடுகிறது. கவனிக்காமல் விட்டால் பெருங்குடல் வீங்கி, ஓட்டை விழும் அளவுக்குப் போகலாம். சிலருக்குப் பெருங்குடலையே அகற்ற வேண்டிவரும்.

பெருங்குடலை ஏற்கெனவே அகற்றியவர்களுக்கும் முழுப் பாதுகாப்பு இல்லை. அரிதாகச் சிறுகுடலிலும் இந்தத் தொற்று வரும். வயிற்றில் பை மாட்டியிருப்பவர்களுக்கு, பை வழக்கத்தைவிட வேகமாகத் தண்ணீராக நிரம்புவதுதான் எச்சரிக்கை மணி.

சிகிச்சை இருக்கிறதா?

இருக்கிறது. மலப் பரிசோதனையில் நச்சைக் கண்டுபிடிக்கலாம். மலமே வராதவர்களுக்கு ஆசனவாயில் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுக்கலாம். சி.டி. ஸ்கேனில் குடல் சுவர் தடித்திருப்பது தெரியும்.

முடிந்தால் பழைய ஆன்டிபயாடிக்கை மருத்துவர் நிறுத்துவார். வான்கோமைசின் மருந்தை வாய் வழியாகத் தருவார்கள். இதே மருந்தை நரம்பில் ஊசியாகப் போட்டால், குடலுக்குள் போதுமான அளவு போய்ச் சேராது. குடல் முடங்கியவர்களுக்கு எனிமா மூலமாகவும் செலுத்துவார்கள், கூடவே மெட்ரோனிடசோலை நரம்பு வழியாகக் கொடுப்பார்கள்.

சானிடைசர் போதுமா?

போதாது. சி.டிஃப் கெட்டியான உறைக்குள் வித்துகளாக மாறி கட்டில் கம்பி, கழிப்பறைக் குழாய், கைப்பிடிகளில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். ஆல்கஹால் சானிடைசர் இதைக் கொல்லாது. நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கை கழுவ வேண்டும். கழிப்பறையை பிளீச்சிங் கரைசலால் துடைக்க வேண்டும்.

இங்கிலாந்தின் ஸ்டோக் மேண்டவில் மருத்துவமனையில் 2003 முதல் 2005 வரை 2 முறை இந்தத் தொற்று பரவி, குறைந்தது 33 பேர் இறந்தார்கள். பிறகு ஆன்டிபயாடிக் பயன்பாட்டையும் வார்டு சுத்தத்தையும் அந்த நாடு கறாராகக் கண்காணித்ததும் பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. அதாவது, இது தடுக்கக்கூடிய தொற்று.

வீட்டில் என்ன செய்யணும்?

* ஆன்டிபயாடிக் முடிந்து 2, 3 மாதம் வரைகூட இந்தத் தொற்று வரலாம். டிஸ்சார்ஜ் சம்மரியையும் மாத்திரை அட்டைகளையும் தூக்கிப் போடாதீங்க.

* உள்ளூர் டாக்டரிடம் போனாலும், "இன்ன தேதியில் ஆபரேஷன், இந்த ஆன்டிபயாடிக் சாப்பிட்டோம்" என்று முதலிலேயே சொல்லுங்க.

* பேதி வந்தால் மெடிக்கலில் பேதியை நிறுத்தும் மாத்திரை கேட்டு வாங்காதீங்க. நச்சு உள்ளேயே தங்கிவிடும் ஆபத்து இருக்கு.

* 'கேஸ் மாத்திரை' என்று நாம் சொல்லும் பான்டோபிரசோல், ஓமெப்ரசோல் எடுப்பவர்களிடம் இந்தத் தொற்று கூடுதலாகக் காணப்படுகிறது. எத்தனை நாள் சாப்பிடணும் என்று கேட்டுக்கொள்ளுங்க.

* தேறி வந்தவருக்கு மறுபடி வயிறு உப்பி, காத்து பிரியாமல், காய்ச்சலும் இருந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்க, 108-ஐ அழைக்கலாம்.

டாக்டர் "பேதி ஆகுதா?" என்று கேட்டு, நீங்கள் "இல்லை" என்று சொன்னால் அதோடு நிறுத்திவிடாதீங்க. "ஆனா, வயிறு உப்பிட்டே போகுது" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்க. நோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்க அந்த ஒரு தகவல் உதவலாம்.