இந்த வாரம் என்ன பாட்டு கேட்டீங்க?

தெருவில் இரண்டு பெண்கள் சந்தித்தால் முதல் கேள்வி, "இன்னைக்கு என்ன சமையல்?" என்பதுதான். அடுத்தது பிள்ளைகள் படிப்பு, அதற்கடுத்தது முட்டிவலி. "நீங்க இப்ப என்ன பாட்டு கேட்டுக்கிட்டிருக்கீங்க?" என்று யாராவது நம்மைக் கேட்டதுண்டா? எங்கள் தெருவில் கேட்கிறோம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முன்பெல்லாம் இப்படிக் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஒரு வீட்டில் இலங்கை வானொலி வைத்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அரிசி களைந்துகொண்டே நானும் கேட்பேன், எதிர்வீட்டு அக்காவும் கேட்பாள். பிறகு டேப்ரிக்கார்டர் வந்தது. காலி காஸெட்டும் பாட்டு லிஸ்ட்டும் கொண்டுபோய்க் கடையில் கொடுத்து பதிவு செய்துகொண்டு வருவார்கள். அந்த லிஸ்ட்டை எழுதியது அண்ணனோ, தம்பியோ, வீட்டுக்காரரோ! இப்போது ஆளுக்கு ஒரு செல்போன். பையன் காதில் ஒன்று, பெண் காதில் ஒன்று. ஒரே வீட்டில் ஒருத்தர் கேட்கும் பாட்டு இன்னொருத்தருக்குத் தெரிவதில்லை. நமக்கோ, டி.வி.யில் யாராவது வைத்ததில் பாதி, குக்கர் விசிலில் மீதி.

இரண்டு வருஷம் முன்பு நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தோம். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் வீட்டுத் திண்ணை. ஆளுக்கு ஒரு பாட்டு. அந்த வாரம் நிஜமாகவே கேட்டதாக இருக்க வேண்டும். எந்தப் படம், யார் பாடியது, யார் இசை என்று தெரிந்துகொண்டு வந்து சொல்ல வேண்டும். அடுத்தவர் ரசனையைக் கிண்டல் செய்யக் கூடாது. இவ்வளவுதான் சட்டம்!

முதல் வாரம் பாதிப் பேர் வாயே திறக்கவில்லை. "தினமும் காலையில சுப்ரபாதம் கேக்கிறேனே" என்றார் ஒரு மாமி. "அது டிகாக்ஷன் போடற நேரத்துக்கு அலாரம் மாமி, அதைச் சொல்லாதீங்க" என்றதும் அவரே சிரித்துவிட்டார். அடுத்த வாரம், 1966-ல் ஐ.நா. சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியதை மகனிடம் சொல்லி போனில் தேடியெடுத்து, கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்டுவிட்டு வந்தார். "இத்தனை வருஷமா எம்.எஸ். எங்க வீட்டுல பாடறா. உட்கார்ந்து கேட்டது இதுதான் முதல் தடவை" என்றார்.

யார் பாடியது என்று தேடப் போய் நாங்கள் தெரிந்துகொண்டது கொஞ்சமில்லை. பக்கத்து வீட்டு மருமகள் 'அலைபாயுதே' (2000) படத்தில் வரும் ஒரு சோகப் பாட்டைச் சொன்னாள். எங்களில் பலர் அது சித்ரா குரல் என்றே நினைத்திருந்தோம். பாடியவர் சுவர்ணலதாவாம். 'கருத்தம்மா' (1994) பாட்டுக்காக தேசிய விருது வாங்கியவர். ஏ.ஆர். ரஹ்மான் இசையில் பாடி அந்த விருதைப் பெற்ற முதல் பெண் இவர்தான். 2010-ல் இறந்தபோது வயது 37. "இவ்வளவு நாளா கேட்டுக்கிட்டு, பேரைக்கூடத் தெரிஞ்சுக்கலையே" என்று அந்தப் பெண் கண் கலங்கினாள். இப்போது அவள் வாராவாரம் ஒரு சுவர்ணலதா பாட்டு தேடிக்கொண்டு வருகிறாள்.

எனக்குப் பிடித்தது வாணி ஜெயராம். 'தீர்க்க சுமங்கலி' (1974) படத்தின் மல்லிகைப் பாட்டை முணுமுணுக்காத பெண் உண்டா? வேலூரில் பிறந்து, பாங்கில் வேலை பார்த்தவர். கல்யாணமாகி பம்பாய் போன பிறகு, கணவர் ஊக்கப்படுத்தியதால் இந்துஸ்தானி சங்கீதம் கற்றுக்கொண்டார். 1971-ல் 'குட்டி' என்ற இந்திப் படத்தில் பாடி நாடு முழுக்கப் பேர் வாங்கினார். மூன்று முறை தேசிய விருது. 2023 ஜனவரியில் பத்மபூஷண் அறிவித்தார்கள். அடுத்த மாதம் 4-ம் தேதியே போய்விட்டார். கல்யாணத்துக்குப் பிறகும் ஒரு பெண்ணுக்குப் புது வாழ்க்கை பிறக்கலாம் என்று அவர் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் தோன்றும்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம்.

எங்கள் தெருவில் கடைசி வீட்டு அக்காவும் எங்களோடு வருவார். பி. சுசீலா பாட்டு என்றால் உயிர். போன வருஷம் அவர் வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். அதோடு அந்த வீட்டில் பாட்டுச் சத்தமே இல்லை. முதல் வருஷ திதி முடிந்து சில நாள் கழித்து, சமையல்கட்டில் மெதுவாக ஒரு பழைய பாட்டு வைத்திருக்கிறார். வந்திருந்த உறவுக்காரர் ஒருவர், "அதுக்குள்ள பாட்டு கேக்குதா?" என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டார். அன்றைக்கு அணைத்தவர்தான். திண்ணைக்கும் வரவில்லை. கூப்பிட்டால், "எனக்கு எதுக்கும்மா அதெல்லாம்" என்பார்.

நாங்கள் என்ன சொல்வதென்று தெரியாமல் இருந்தோம். ஒரு சனிக்கிழமை 81 வயதாகும் என் மாமியார் தடியை ஊன்றிக்கொண்டு தானே அந்த வீட்டுக்குப் போனார். கூடவே நானும். "இந்த வாரம் நான் கே.பி. சுந்தராம்பாள் பாட்டு கேட்டேன்மா" என்று ஆரம்பித்தார்.

"கிட்டப்பா செத்துப்போன 1933-ல அந்த அம்மாவுக்கு இருபத்தஞ்சு வயசு. வெள்ளைப் புடவை கட்டிக்கிட்டாங்க. ஆம்பளைங்களோட ஜோடியா நடிக்க மாட்டேன்னு இருந்தாங்க. ஆனா பாடறதை விட்டாங்களா? 'நந்தனார்'ல ஆம்பளை வேஷமே போட்டுப் பாடினாங்க. 'ஔவையார்' வந்துச்சு. 'திருவிளையாடல்' படத்தை நான் கல்யாணமான புதுசுல பார்த்தேன். அந்தக் குரல் வந்ததும் கொட்டகையே கையெடுத்துக் கும்பிட்டுச்சு. பாடினவங்களை ஊரே கும்பிட்டுதே, கேக்கிறவளை எதுக்கு ஏசணும்? துக்கம் மனசுல இருக்கு. அது பாட்டு கேட்டா குறைஞ்சு போற துக்கமா? நீ கேளும்மா, நான் இருக்கேன்."

அந்த அக்கா ஒன்றும் பேசவில்லை. மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதார். மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை திண்ணையில் வந்து உட்கார்ந்தார். "அவருக்குப் பிடிச்ச பாட்டு ஒண்ணு. சுசீலாம்மா பாடினது, எம்.எஸ்.வி. - ராமமூர்த்தி இசை" என்று மட்டும் சொன்னார். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. பேசினவர்கள் இன்னமும் பேசத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த வீட்டு சமையல்கட்டில் இப்போது பாட்டு கேட்கிறது.

தோழிகளே, இதற்குக் காசு பணம் வேண்டாம். நாலு பேர், அரை மணி நேரம் போதும். போனில் தேடத் தெரியாவிட்டால் பிள்ளைகளிடம் கேளுங்கள். ரேடியோவில் வந்தால் பாடியவர் பேரை காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். வெளியே வர முடியாத வயதானவர்களிடம் நீங்களே போய்க் கேளுங்கள். முக்கியமாக, உங்கள் தெருவில் பாட்டையே நிறுத்திவிட்ட ஒரு பெண் இருந்தால் அவளைத் தனியே விட்டுவிடாதீர்கள்.

நான் இந்த வாரம் கேட்டது 'அபூர்வ ராகங்கள்' (1975), வாணி ஜெயராம் குரல், எம்.எஸ்.வி. இசை. உங்களுடையது என்ன? எழுதுங்களேன்!

- ஒரு வாசகி, மயிலாடுதுறை.