அட்டையில் ஒரு வசனம், அதற்கு முன்னே பத்து

டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணிக்குப் பெங்களூரின் தமிழ்த் தேவாலயங்களில் உட்கார இடம் கிடைப்பது அரிது. பிரேசர் டவுன், அல்சூர், லிங்கராஜபுரம் என்று எங்கே போனாலும் புதுத்துணியும் தூக்கம் சொக்கும் குழந்தைகளுமாகக் கூட்டம் வாசல்வரை நிற்கும். நள்ளிரவு தாண்டிப் புத்தாண்டு ஆராதனை முடியும் நேரத்தில் வாக்குத்தத்த அட்டைகள் வரும். ஆளுக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம். சில சபைகளில் தட்டிலிருந்து அவரவரே எடுத்துக்கொள்வார்கள், சில சபைகளில் எல்லோருக்கும் ஒரே வசனம். அந்த அட்டை பைபிளுக்குள்ளோ, ஃபிரிட்ஜ் கதவிலோ, ஆட்டோவின் முன்கண்ணாடி ஓரத்திலோ ஆண்டு முழுக்க இருக்கும்.

இந்த அட்டைகளில் அடிக்கடி இடம்பெறும் வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. கடவுள் தம் மக்களுக்குக் கெடுதல் நினைக்கவில்லை, அவர்களுக்கு நல்ல எதிர்காலத்தையே நினைத்திருக்கிறார் என்பது அதன் சாரம். தேர்வு எழுதும் மாணவர், வேலை தேடும் இளைஞர், அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவர் என யார் கையில் கிடைத்தாலும் ஆறுதல் தரும் வசனம். ஆனால் அட்டையில் இருப்பது பதினோராம் வசனம் மட்டும். அதற்கு முன்னே பத்து வசனங்கள் இருக்கின்றன.

அது ஒரு கடிதம். கி.மு. 597-ல் பாபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பணியவைத்து, அரச குடும்பத்தோடு தச்சர்களையும் கொல்லர்களையும் சேர்த்து நாடுகடத்தினான். அப்படிப் போனவர்களுக்கு எருசலேமில் இருந்த எரேமியா தீர்க்கதரிசி எழுதி அனுப்பிய கடிதமே இந்த அதிகாரம். முந்திய அதிகாரத்தில் அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி வருகிறார். இரண்டே ஆண்டில் எல்லாம் சரியாகிவிடும், போனவர்கள் திரும்பி வந்துவிடுவார்கள் என்று அவர் கோயிலில் அறிவிக்கிறார். கேட்க இனிப்பான செய்தி. எரேமியா சொன்ன கணக்கு வேறு: எழுபது ஆண்டு. அதனால் அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் போய்ச் சேர்ந்த ஊரின் நன்மைக்காக வேண்டிக்கொள்ளுங்கள், அந்த ஊர் நன்றாக இருந்தால்தான் நீங்களும் நன்றாக இருப்பீர்கள் என்று எழுதினார். இத்தனைக்கும் பிறகுதான் அந்தப் பதினோராம் வசனம் வருகிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் சொந்த ஊரை மறுபடி பார்க்கப்போவதில்லை. அவர்களுக்குத்தான் இந்த வாக்குறுதி.

பெங்களூருத் தமிழர்களிடையே இந்தக் கடிதத்தை வாசித்தால் பேச்சு தானாகவே வேறு திசையில் போகும். 1809-ல் ஆங்கிலேயர் இங்கே கன்டோன்மென்ட் அமைத்தபோது படைவீரர்கள், சமையல்காரர்கள், வியாபாரிகள் என்று தமிழர்கள் திரளாக வந்து சேர்ந்தார்கள். 1880-களில் கோலார் தங்கவயலில் சுரங்க வேலை தொடங்கியதும் வட ஆற்காடு, சேலம் பக்கத்துக் குடும்பங்கள் அங்கே குடியேறின. 2001-ல் சுரங்கம் மூடப்பட்டபின் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்துத் தினமும் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். மென்பொருள் வேலைக்காக வந்தவர்கள் கடைசி அலை. ‘ரெண்டு வருஷம் இருந்துட்டு ஊருக்குப் போயிடலாம்’ என்று வந்து, பிள்ளைகள் கன்னடம் படித்து, ஹொரமாவிலோ பாணஸ்வாடியிலோ வீடும் வாங்கிவிட்டவர்களுக்கு அனனியாவின் கணக்கும் எரேமியாவின் கணக்கும் விளக்கம் இல்லாமலே புரியும்.

வேத ஆராய்ச்சி என்று சபைகளில் சொல்வது இதைத்தான். ஒரு வசனத்தை எடுத்ததும் முன்னும் பின்னும் வாசிப்பது. யார், யாருக்கு, எப்போது சொன்னது என்று கேட்பது. பிறகு மற்றப் புத்தகங்களில் அதன் தடத்தைத் தேடுவது. இதற்கு உதவுவது ஒத்துவாக்கிய வேதாகமம். அதில் வசனத்தோடு தொடர்புள்ள மற்ற இடங்களின் எண்களைக் கொடுத்திருப்பார்கள். எரேமியாவின் எழுபது ஆண்டைப் பிடித்துக்கொண்டு போனால் தானியேல் 9-ஆம் அதிகாரம் வரும். அங்கே முதிய தானியேல் பாபிலோனில் இருந்தபடி எரேமியாவின் எழுத்தைப் படித்து ஆண்டுகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். இன்னும் போனால் எஸ்றா முதல் அதிகாரம். பாரசீக மன்னன் கோரேசு கி.மு. 538 வாக்கில் திரும்பிப்போக அனுமதி தருகிறான். ஒரு மாலை நேரத்தில், பேனாவும் நோட்டும் இருந்தால், யாரும் செய்துவிடக்கூடிய வேலை.

தமிழ்ப் புராட்டஸ்டன்ட் வீடுகளுக்கு இந்தப் பழக்கம் பழையது. ஜெர்மனியிலிருந்து வந்த சீகன்பால்க் 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கினார்; 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கே அச்சாகி முடிந்தது. இந்திய மொழிகளில் முதலில் அச்சான புதிய ஏற்பாடு அதுதான். ஃபப்ரீசியஸின் மொழிபெயர்ப்பு அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. போவர் தலைமையிலான குழுவின் முழு வேதாகமம் 1871-ல் வந்தது. பெண்களுக்கு எழுத்தறிவு அரிதாக இருந்த காலத்தில் ‘பைபிள் உமன்’ என்று அழைக்கப்பட்ட ஊழியர்கள் வீடு வீடாகப் போய் எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். பல குடும்பங்களில் பாட்டி படித்த முதல் புத்தகமும் கடைசிப் புத்தகமும் இதுவே.

இந்த வரலாற்றின் அடுத்த அத்தியாயத்தில் பெங்களூருக்கு இடமுண்டு. இங்குள்ள ஐக்கிய இறையியல் கல்லூரி 1910-ல் தொடங்கியது. அதன் முதல்வராக இருந்த டேனிஷ் மிஷனரி எல். பி. லார்சன் பிறகு தமிழ் வேதாகமத்தைத் திருத்தும் பணியை ஏற்றார். ஜி. எஸ். துரைசாமி அவரோடு சேர்ந்து உழைத்தார். 1936-ல் திருத்திய பதிப்பு வெளிவந்தது. அறிஞர்கள் பாராட்டினார்கள், ஆனால் சபைகள் 1871-ன் பழைய வாசகத்தை விடவில்லை. மனப்பாடமாகிப்போன சங்கீதத்தை மாற்றிச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. இன்றும் தமிழ்ச் சபைகளின் மேடையில் வாசிக்கப்படுவது பெரும்பாலும் அந்தப் பழைய வேதாகமம்தான். அதை அச்சிட்டு விநியோகிக்கும் இந்திய வேதாகமச் சங்கத்தின் தலைமையகமும் பெங்களூர் மகாத்மா காந்தி சாலையில் இருக்கிறது.

கத்தோலிக்க வீடுகளின் கதை வேறு. அங்கே நெடுங்காலம் புத்தகத்தின் இடத்தில் ஜெபமாலையும், வாசாப்பு நாடகங்களும், திருவிழாத் தேரும் இருந்தன. வீரமாமுனிவர் சூசையப்பரின் வாழ்க்கையைத் தேம்பாவணி என்று காப்பியமாகவே பாடிவைத்தார். வேதக் கதைகள் மக்களுக்குத் தெரியும். புத்தகம்தான் கையில் இல்லை. திருப்பலி இலத்தீனில் நடந்தது. 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டை மக்கள் மொழிக்குக் கொண்டுவந்தது. பைபிள் எல்லா விசுவாசிகளுக்கும் எளிதில் கிடைக்க வேண்டும் என்றும் அறிவித்தது.

அறிவித்தால் போதுமா? யாராவது அதைச் செய்துகாட்ட வேண்டுமே. இந்தியாவில் அந்தப் பொறுப்பு ஒரு தமிழ்க் குருவிடம் வந்தது. தென்னாற்காட்டுக் கல்லேரி கிராமத்தில் 1932-ல் பிறந்த து. சை. அமலோற்பவதாஸ், 1967-ல் பெங்களூர் ஹட்சின்ஸ் சாலையில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தைத் தொடங்கினார். அவருடைய அண்ணன் சைமன் லூர்துசாமி அடுத்த ஆண்டு பெங்களூர் பேராயரானார், பின்னாளில் கர்தினாலும் ஆனார். நாடெங்கும் இருந்து குருக்களும் கன்னியரும் பொதுநிலையினரும் இந்த மையத்துக்கு வந்து பைபிளை வாசிக்கவும் கற்பிக்கவும் பயின்று போனார்கள்.

1969 ஏப்ரலில் ரோம் ஒப்புதல் தந்த பன்னிரண்டு வழிபாட்டு மாற்றங்களுக்குப் பின்னாலும் அமலோற்பவதாஸின் உழைப்பு இருந்தது. தரையில் அமர்ந்து வழிபடுவது, செருப்பைக் கழற்றிவிட்டு வருவது, கைகூப்பி வணங்குவது, மெழுகுவர்த்திக்குப் பதில் எண்ணெய் விளக்கு, ஆரத்தி, குருவின் தோளில் சால்வை என்று அந்தப் பட்டியல் போகும். கோயில் சாயலில் எழுந்த மையத்தின் சிற்றாலயத்துக்குச் சச்சிதானந்தம் என்று பெயர்.

எல்லோரும் இதை வரவேற்கவில்லை. சென்னையைச் சேர்ந்த விக்டர் குழந்தை 1985-ல் எழுதிய ஆங்கில நூல், திருச்சபையை இந்துமயமாக்குகிறார்கள் என்று கடுமையாகச் சாடியது. இது உயர்சாதிக் கோயில் மரபைத்தானே இறக்குமதி செய்கிறது, எங்கள் பறையும் பாட்டும் எங்கே என்று தலித் கிறிஸ்தவர்கள் வேறொரு பக்கத்திலிருந்து கேட்டார்கள். அமலோற்பவதாஸ் பிறகு மைசூரில் அஞ்சலி ஆசிரமத்தை நிறுவி, பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். 1990-ல் சாலை விபத்தில் காலமானார். விவாதம் இன்றும் தீரவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் தொடங்கிய பைபிள் வாசிப்பு வேரூன்றிவிட்டது.

அது எங்கே தெரியும் என்றால், அன்பியக் கூட்டங்களில். ஒரு தெருவின் இருபது முப்பது குடும்பங்கள் முறைவைத்து ஒரு வீட்டில் கூடுவதே அன்பியம். பல இடங்களில் பின்பற்றப்படும் முறை, தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் உருவான ஏழு படிகள். இறைவனை அழைத்து வேண்டுவது முதல் படி. பகுதியை உரக்க வாசிப்பது இரண்டாவது. மனதைத் தொட்ட சொல்லையோ தொடரையோ ஒவ்வொருவரும் திரும்பச் சொல்வது மூன்றாவது. பிறகு அமைதி, பகிர்வு, இந்த வாரம் தெருவில் என்ன செய்யலாம் என்ற பேச்சு, கடைசியில் வேண்டுதல். யாரும் பிரசங்கம் செய்வதில்லை, யாரும் யாரையும் திருத்துவதில்லை. படிப்பு குறைந்தவர்கூடத் தயங்காமல் வாய் திறக்க வேண்டும் என்பதற்காகவே அமைத்த முறை. ஆறாவது படிதான் கடினம். பக்கத்து வீட்டு நோயாளியை யார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது என்ற கேள்வி வந்தால், வந்தவர்கள் நாட்காட்டியைப் பார்க்க வேண்டியிருக்கும்.

தனியாக வாசிப்பவர்களுக்கு வேறு கணக்கு உண்டு. புராட்டஸ்டன்ட் பைபிளில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். வாரநாட்களில் மூன்று அதிகாரம், ஞாயிறு ஐந்து என்று வைத்தால் வாரத்துக்கு 23. ஓராண்டில் முழு வேதாகமமும் முடிந்துவிடும். கேட்க எளிது. ஆதியாகமக் கதைகள் விறுவிறுவென்று போகும், யாத்திராகமத்தில் செங்கடல்வரை தடையில்லை. அப்புறம் ஆசரிப்புக் கூடாரத்தின் முழ அளவுகளும் திரைச்சீலை விவரங்களும் வரும். ஜனவரி கடைசியில் லேவியராகமத்தின் பலி விதிகள். பலருடைய புத்தாண்டுத் தீர்மானம் நிற்கும் இடம் இதுதான். புதிதாகத் தொடங்குபவர்களை மாற்கு நற்செய்தியில் ஆரம்பிக்கச் சொல்லும் போதகர்கள் அதனால்தான் உண்டு: பதினாறே அதிகாரம், நான்கு நற்செய்திகளில் மிகச் சிறியது. நீதிமொழிகளில் 31 அதிகாரம் இருப்பதால் தேதிக்கு ஒன்றாக மாதம் முழுக்க வாசிப்பவர்களும் நிறைய.

கத்தோலிக்கருக்கு 73 புத்தகங்கள். ஆனால் நாள் கணக்கைத் திருச்சபையே போட்டுக்கொடுத்திருக்கிறது. 1969 முதல் நடைமுறையில் உள்ள வாசக அட்டவணைப்படி ஞாயிறு நற்செய்தி ஓராண்டு மத்தேயு, அடுத்த ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா என்று சுழலும். சிவாஜிநகர் புனித மரியாள் பேராலயத்தில் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் திருப்பலி தனித்தனியே நடந்தாலும், அன்றைய வாசகம் மூன்றிலும் ஒன்றே. உலகின் மறுகோடியிலும் அதுவே. செப்டம்பர் 8 திருவிழாவுக்கு முந்தைய நவநாட்களில் காவி உடுத்து நேர்ச்சையோடு வரும் கூட்டத்தில் பைபிளைத் திறந்தே பார்க்காதவர்களும் இருப்பார்கள். விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்தின் வியாழக்கிழமைக் கூட்டத்தில் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் கணிசம். அவர்களுடைய பக்தி வாசிப்பு வழியாக வந்ததல்ல. யாரும் அதைக் கேட்பதுமில்லை.

பெங்களூர் வீடுகளில் இப்போது எழும் சிக்கல் மொழி பற்றியது. பாட்டிக்குத் தமிழ்ப் பைபிள்தான் வரும். பேரன் தமிழ் பேசுவான், எழுத்துக் கூட்ட மாட்டான்; அவனுக்குக் கைபேசியில் ஆங்கிலச் செயலி. கன்னட வழியில் படித்த மருமகளுக்குக் கன்னட வேதாகமமே வசதி. ஜெபம் தமிழில் நடந்தாலும் வாசிப்பு மூன்றாகப் பிரிகிறது. இதற்கு உதவிக்கு வருவது நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஒரு வேலை. இன்றைய அதிகாரப் பிரிவு, 13-ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் என்ற பேராசிரியர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551-ல் ராபர்ட் எஸ்டியேன் என்ற அச்சகர் போட்டவை. இந்த எண்கள் ஏறக்குறைய எல்லா மொழியிலும் ஒன்றுதான். அதனால் குடும்ப ஜெபத்தில் ஆளுக்கொரு வசனமாக, அவரவர் மொழியில், வட்டமாக வாசித்துக்கொண்டு போக முடிகிறது. லூக்கா 15-ல் ஊதாரி மகன் கதை 11 முதல் 32 வரை, மொத்தம் 22 வசனம். மூன்று பேர் ஏழு சுற்று வந்தால் ஒன்று மிஞ்சும். அதை யார் வாசிப்பது என்பதில் வீட்டுக்கு வீடு வழக்கம் வேறு.