இறுகிய மட்காட் போல்டைக் கழற்றுவது எப்படி?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் தொடங்கியது. இடையில் நாம் பழைய மோட்டார் சைக்கிள்களையே திருத்தித் திருத்தி ஓடினோம். காத்தான்குடி, கல்முனை, பேருவளை போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்று பட்டு முன் மட்காட் போல்டுகள் கறள் பிடித்து இறுகிப்போவது சகஜம்.

மட்காட் உடைந்தால் வேறொன்று வாங்கலாம். பெரிய நட்டம் வேறிடத்தில் இருக்கிறது. பெரும்பாலான சைக்கிள்களில் அந்தப் போல்டுகள் முன் ஃபோர்க்கின் அலுமினியப் பகுதியில் முடுக்கப்பட்டிருக்கும். இரும்பும் அலுமினியமும் உப்பீரத்தில் சேர்ந்திருந்தால் அரிப்பு ஏற்பட்டு ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பலவந்தமாகத் திருகினால் போல்டின் தலை முறியும், அல்லது அலுமினியத்தின் புரி கழன்று வரும். சில ரூபாய்ப் போல்டுக்காக ஃபோர்க் பாதத்தையே மாற்ற வேண்டிவரும்.

ஸ்பேனரில் பைப்பை மாட்டித் தொங்கும் பொடியன்கள் இதை அறியமாட்டார்கள்.

முதலில் கம்பித் தூரிகையால் கறளைச் சுரண்டுங்கள். டபிள்யூ.டி. 40 போன்ற ஊடுருவும் எண்ணெயை மஃரிபுக்குப் பின் விட்டால் ஸுபஹ் வரை ஊறட்டும். பிரேக் டிஸ்க்கைத் துணியால் மூடிவிடுங்கள். அதில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது, உயிருக்கே ஆபத்து.

காலையில் அளவான ஆறுமுனை சொக்கட்டை மட்டும் பாவியுங்கள். 6 மில்லிமீற்றர் போல்டின் தலைக்குப் பெரும்பாலும் 10 ஆம் இலக்கம் பொருந்தும். அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் தலையை உருட்டிவிடும். தலையில் லேசாகத் தட்டி, முதலில் சிறிது இறுக்கும் பக்கம் அசைத்து, பிறகு தளர்த்துங்கள். கால் சுற்று வந்ததும் திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மீண்டும் தளர்த்துங்கள். அசையாவிட்டால் எண்ணெயைத் துடைத்துவிட்டு, சூடான சோல்டரிங் அயனைப் போல்டின் தலையில் சில நிமிடம் வையுங்கள். பிளாஸ்டிக் மட்காட்டுக்கு அருகில் காஸ் சுடரைக் கொண்டுபோகவே வேண்டாம்.

தலை முறிந்தால் மட்காட் கழன்றுவிடும். நீட்டிக்கொண்டிருக்கும் துண்டை வைஸ் கிரிப்பால் பிடித்துத் திருகலாம். உள்ளேயே முறிந்தால் லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

கராஜ் வைத்திருப்போருக்கு ஒரு வியாபார வார்த்தை: போல்ட் முறியக்கூடும் என்பதையும், முறிந்தால் செலவு யாருடையது என்பதையும் கை வைப்பதற்கு முன்னரே வாடிக்கையாளரிடம் பேசிக்கொள்ளுங்கள். பூட்டும்போது புதிய போல்டின் புரியில் சிறிது கிரீஸ் தடவுங்கள். அடுத்த முறை எளிதாகக் கழலும்.