தாத்தாவும் வரட்டும்: சக்கர நாற்காலியா, பேட்டரி ஸ்கூட்டரா?

ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அவர்கள் வாழ்வது கர்நாடக மாநிலத்தில், கோலார் தங்க வயலில். அங்கே தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய உண்டு. தங்கச் சுரங்க வேலைக்காக அவர்களின் முன்னோர் அங்கே வந்தார்கள். 2001-ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. இப்போது பலர் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள்.

இந்தக் குடும்பத்தில் ஒரு தாத்தா இருக்கிறார். வயது 74. சுரங்கத்தில் 30 வருடம் உழைத்தவர். இப்போது இரண்டு முழங்காலிலும் வலி. தடியை ஊன்றி நூறு அடி நடப்பார். பிறகு உட்கார வேண்டும்.

பேத்திக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. முதல் சம்பளமும் வந்தது. எல்லோரையும் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போக அவளுக்கு ஆசை. பெங்களூருக்கு அருகே பிடதியில் வொண்டர்லா பூங்கா இருக்கிறது. 2005-இல் திறக்கப்பட்டது. அதன் பரப்பு 82 ஏக்கர்.

82 ஏக்கர் என்றதும் தாத்தா சிரித்தார்.

"நீங்க போய் வாங்க கண்ணு. என்னால அவ்வளவு தூரம் நடக்க முடியாது. நான் வீட்டைப் பார்த்துக்கிறேன்."

இப்படித்தான் பல வீடுகளில் முதியவர்கள் பின்தங்கிவிடுகிறார்கள். ஊனமுற்றவர்களும் பின்தங்கிவிடுகிறார்கள். திருவிழாவா? அவர்கள் வீட்டில். பொருட்காட்சியா? அப்போதும் வீட்டில்தான். நடக்க முடியாது என்பதற்காக ஒருவர் வீட்டிலேயே இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. உட்கார்ந்தபடியே போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று சக்கர நாற்காலி. மற்றொன்று பேட்டரி ஸ்கூட்டர். எது யாருக்கு ஏற்றது? பார்ப்போம்.

சக்கர நாற்காலி

சக்கர நாற்காலியை ஆஸ்பத்திரியில் பார்த்திருப்பீர்கள். அதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகைக்குப் பின்னால் இரண்டு பெரிய சக்கரங்கள் இருக்கும். சக்கரத்தை ஒட்டி ஒரு வளையம் இருக்கும். உட்கார்ந்திருப்பவர் அந்த வளையத்தைக் கையால் தள்ளித் தானே போகலாம். மற்றவரும் பின்னாலிருந்து தள்ளலாம்.

இரண்டாம் வகைக்கு நான்கும் சிறிய சக்கரங்கள். எடை குறைவு. ஆனால் உட்கார்ந்திருப்பவர் தானே ஓட்ட முடியாது. யாராவது தள்ளியே ஆக வேண்டும்.

சாதாரண சக்கர நாற்காலி 15 முதல் 20 கிலோ எடை இருக்கும். அதை மடிக்கலாம். ரயிலில் ஏற்றலாம். காரில் வைக்கலாம். பேட்டரி தேவையில்லை. மழையில் நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம்.

மடிக்கும் சக்கர நாற்காலி வந்த கதை தெரியுமா? அமெரிக்காவில் ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்று ஒருவர் இருந்தார். அவர் சுரங்கப் பொறியாளர். சுரங்க விபத்தில் அவருடைய முதுகெலும்பு முறிந்தது. அதன் பிறகு அவரால் நடக்க முடியவில்லை. அந்தக் கால நாற்காலிகள் பெரியவை, கனமானவை. காரில் ஏற்ற முடியாது. அவரும் அவருடைய நண்பர் ஹாரி ஜென்னிங்ஸ் என்ற பொறியாளரும் சேர்ந்து யோசித்தார்கள். 1933-இல் மடிக்கும் நாற்காலியைச் செய்தார்கள். வெளியே போக வேண்டும் என்ற ஆசையில் பிறந்ததுதான் அந்த நாற்காலி.

பேட்டரி ஸ்கூட்டர்

இது சாலையில் ஓடும் ஸ்கூட்டர் அல்ல. நடக்கச் சிரமப்படுபவர்களுக்கான சிறிய வண்டி. மூன்று அல்லது நான்கு சக்கரங்கள் இருக்கும். நடுவில் நாற்காலி போன்ற இருக்கை. முன்னால் கைப்பிடி. கைப்பிடியில் உள்ள விசையை அழுத்தினால் வண்டி போகும். விட்டால் நின்றுவிடும். வேகமாக நடக்கும் மனிதரின் வேகத்தில் போகும்.

இதுவும் அன்பில் பிறந்ததுதான். அமெரிக்காவில் ஆலன் தீம் என்பவரின் உறவினர் ஒருவருக்கு நரம்பு நோய். நடை தளர்ந்துவிட்டது. அவருக்காக 1968-இல் ஆலன் தீம் இந்த வண்டியைச் செய்தார்.

இதில் பெரிய நன்மை ஒன்று உண்டு. யாரும் தள்ள வேண்டாம். நினைத்த இடத்துக்குத் தானே போகலாம்.

சிரமங்களும் உண்டு. மடிக்கும் சிறிய வகையே 20 முதல் 30 கிலோ இருக்கும். பெரிய வகை 100 கிலோவைத் தாண்டும். முதல் நாள் இரவே மின்சாரம் ஏற்ற வேண்டும். ஏற்றமான பாதையிலும், ஆள் கனமாக இருந்தாலும் பேட்டரி சீக்கிரம் தீரும். வழியில் பேட்டரி தீர்ந்தால் தள்ளுவது கடினம். மழையிலும் தண்ணீரிலும் நனையக் கூடாது. மூன்று சக்கர வண்டி சிறிய இடத்தில் திரும்பும். ஆனால் வேகமாகத் திருப்பினால் சாயலாம். நான்கு சக்கர வண்டி அவ்வளவு எளிதில் சாயாது.

விலையிலும் வித்தியாசம் உண்டு. சாதாரண சக்கர நாற்காலியைச் சில ஆயிரம் ரூபாயில் வாங்கலாம். பேட்டரி ஸ்கூட்டருக்குப் பல மடங்கு ஆகும்.

ஐந்து கேள்விகள்

எதைத் தேர்ந்தெடுப்பது? ஐந்து கேள்விகள் கேட்டுப் பாருங்கள்.

1. போகிறவரின் உடல் எப்படி இருக்கிறது? ஸ்கூட்டரை ஓட்ட முதுகு நிமிர்ந்து உட்கார வேண்டும். கையில் பிடிப்பு வேண்டும். கண் நன்றாகத் தெரிய வேண்டும். வலிப்பு வருபவர்கள் ஓட்டக் கூடாது. மயக்கம் தரும் மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

2. தள்ள யார் இருக்கிறார்கள்? ஒரு நாள் முழுவதும் தள்ளுவது எளிதல்ல. இரண்டு பேராவது மாறி மாறித் தள்ள வேண்டும். ஒருவர் மட்டும் கூடப் போனால் ஸ்கூட்டர் நல்லது.

3. எதில் போகிறீர்கள்? ரயில், பஸ் என்றால் மடிக்கும் நாற்காலிதான் வசதி. கார் என்றால் டிக்கியில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பல வாடகைக் கார்களில் டிக்கிக்குள் கேஸ் சிலிண்டர் இருக்கும். அங்கே நாற்காலியே நுழையாது. டிரைவரிடம் முன்பே கேளுங்கள்.

4. பாதை எப்படி இருக்கும்? படி இருந்தால் ஸ்கூட்டர் நின்றுவிடும். நாற்காலியை இரண்டு பேர் பின்பக்கம் சாய்த்து மெதுவாக ஏற்றலாம். சரிவுப் பாதை இருந்தால் இரண்டும் போகும். 1 அடி உயரம் ஏற 12 அடி நீளச் சரிவு இருக்க வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் ஆபத்து.

5. உட்காரப் போகிறவரின் விருப்பம் என்ன? இதுதான் முக்கியமான கேள்வி. ஆனால் இதைத்தான் பலர் கேட்பதில்லை.

தாத்தா என்ன சொன்னார்?

பேத்தி தாத்தாவிடம் கேட்டாள். தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

"முப்பது வருஷம் பாதாளத்துல இறங்கி வேலை செஞ்சவன் நான். என்னை மூட்டை மாதிரி தள்ளிக்கிட்டுப் போறதா? எனக்கு அந்த ஸ்கூட்டர்தான் பிடிச்சிருக்கு."

மகன் சொன்னார்: "அப்பா, நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா நாம ரயில்ல போகணும். அதைத் தூக்கி ஏத்த முடியாது. வாடகைக்குக் கிடைக்குமான்னும் கேட்டுப் பார்த்தேன். கிடைக்கல."

பேத்தி ஒரு வழி சொன்னாள். "தாத்தா, பெரிய சக்கரம் வச்ச நாற்காலி எடுக்கலாம். சமமான இடத்துல நீங்களே ஓட்டுங்க. மேட்டுல மட்டும் நாங்க தள்றோம். எங்க போகணும், எப்ப நிக்கணும்னு நீங்கதான் சொல்லணும். நீங்க சொல்லாம யாரும் நாற்காலியைத் தொட மாட்டோம்."

பிறகு எவரெஸ்ட் கதையையும் சொன்னாள். தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவரும் சுரங்கக்காரரா?" என்று கேட்டார். "சரி, அந்த நாற்காலியைக் கொண்டு வா. முதல்ல நம்ம தெருவுல ஓட்டிப் பார்க்கிறேன்" என்றார்.

மருந்துக் கடையில் நாள் வாடகைக்கு நாற்காலி கிடைத்தது. தாத்தா இரண்டு நாள் பழகினார்.

இந்தக் குடும்பத்துக்கு நாற்காலி சரியாக இருந்தது. எல்லோருக்கும் இதுவே சரி என்று சொல்ல முடியாது. வேறொரு வீட்டில் ஒரு அம்மா இருக்கலாம். இளம்பிள்ளை வாதத்தால் அவருக்குக் கால்கள் செயல்படவில்லை. கைகள் வலுவாக இருக்கின்றன. மகள் ஒல்லி. அவளால் அம்மாவைத் தள்ள முடியாது. சொந்தமாகப் பெரிய கார் இருக்கிறது. அந்த அம்மாவுக்கு ஸ்கூட்டர்தான் ஏற்றது.

போகும் முன் கேளுங்கள்

பூங்காவுக்குத் தொலைபேசியில் பேசுங்கள். இவற்றைக் கேளுங்கள்:

அங்கே சக்கர நாற்காலி கிடைக்குமா? வாடகை, முன்பணம் எவ்வளவு? சொந்த ஸ்கூட்டரை உள்ளே விடுவார்களா? பாதையில் படிகள் உண்டா? சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை உண்டா?

ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு மாதிரி. மைசூர் மிருகக்காட்சி சாலை 1892-இல் தொடங்கியது. அங்கே பேட்டரி வண்டியில் ஏறிச் சுற்றிப் பார்க்கலாம். ஹைதராபாத் அருகே ராமோஜி ஃபிலிம் சிட்டியில் பார்வையாளர்களை பஸ்ஸில் சுற்றிக் காட்டுகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் நடையைவிட, பஸ் படியில் ஏறி இறங்குவதே பெரிய வேலை. எனவே இடத்தைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. ராட்டினத்தில் ஏற, நாற்காலியிலிருந்தும் ஸ்கூட்டரிலிருந்தும் இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கி மாறி உட்கார முடியுமா என்று வீட்டிலேயே பழகிப் பாருங்கள். இதய நோய், ரத்தக் கொதிப்பு, முதுகு வலி உள்ளவர்கள் வேகமான ராட்டினத்தில் ஏற வேண்டாம்.

பூங்காவில் கவனம்

நாற்காலியை நிறுத்தியதும் இரண்டு பக்கமும் பிரேக் போடுங்கள். எழும் முன் கால் பலகையை மடக்குங்கள். கால் பலகை மேல் நின்றால் நாற்காலி முன்பக்கம் கவிழும். பலர் விழுவது இப்படித்தான்.

செங்குத்தான சரிவில் இறங்கும்போது நாற்காலியைத் திருப்பிக்கொள்ளுங்கள். தள்ளுபவர் முதலில் பின்னோக்கி இறங்க வேண்டும். புல்லிலும் மணலிலும் முன் சக்கரம் புதையும். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துத் தள்ளுங்கள். கைப்பிடியைப் பிடித்துத் தூக்காதீர்கள். சில நாற்காலிகளில் அது கழன்று வரும்.

ஸ்கூட்டரில் போனால் கூட்டத்தில் மெதுவாகப் போங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் சாவியை அணைத்துவிடுங்கள்.

நீண்ட நேரம் ஒரே மாதிரி உட்கார்ந்தால் தோல் புண்ணாகும். நல்ல மெத்தை வையுங்கள். அரை மணிக்கு ஒரு முறை உடலைக் கொஞ்சம் தூக்கி அசைத்து உட்காரச் சொல்லுங்கள். வெயிலுக்குத் தொப்பி, குடிக்கத் தண்ணீர், வேளைக்கு மருந்து. இவற்றை மறக்காதீர்கள்.

உதவி உண்டு

சக்கர நாற்காலி எப்போதும் தேவை என்றால் அரசு உதவி கிடைக்கும். 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் என்று சான்றிதழ் உள்ள, குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு ‘அடிப்’ என்ற மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. 60 வயது தாண்டிய ஏழை முதியவர்களுக்கு ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் இருக்கிறது. இது 2017-இல் தொடங்கியது. மாவட்டத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. பொழுதுபோக்கிலும் மற்றவர்களைப் போலவே கலந்துகொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஆகவே சரிவுப் பாதை எங்கே என்று கேட்கத் தயங்காதீர்கள். அது சலுகை அல்ல. உரிமை.

அன்று மாலை

பூங்காவில் தாத்தா சமமான பாதையில் தானே ஓட்டினார். பேரப் பிள்ளைகள் ராட்டினத்தில் சுற்றினார்கள். தாத்தா கீழே இருந்து கையசைத்தார். மேடு வந்தபோது அவரே பேத்தியைக் கூப்பிட்டார். "கண்ணு, இங்க கொஞ்சம் தள்ளு" என்றார்.

திரும்பும் வழியில் தாத்தா கேட்டார்: "அடுத்து எங்க போறோம்?"

உங்கள் வீட்டிலும் "நான் வரவில்லை" என்று சொல்பவர் இருக்கலாம். அவருக்கு மனம் இல்லாமல் இருக்கலாம். அல்லது வழி இல்லாமல் இருக்கலாம். எது என்று கேட்டுப் பாருங்கள்.

பேசுங்கள்

1. உங்கள் தெருவில் நடக்க முடியாதவர்கள் யார்? கடைசியாக அவர்கள் எப்போது வெளியே போனார்கள்?

2. உங்கள் ஊர்ப் பள்ளியில், கோயிலில், பஞ்சாயத்து அலுவலகத்தில் சக்கர நாற்காலி ஏறுமா? ஏறவில்லை என்றால் என்ன செய்யலாம்?